"ஏன் இன்னிக்கு வரலை?" – இதுவும் ஒரு மருந்துதான்!

ஒரு சின்னக் கேள்வி. அவசரப்படாமல், கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்லுங்கள். நாளைக் காலையில் நீங்கள் வழக்கமான வாக்கிங் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். "ஏன் இன்னிக்கு வரலை?" என்று கேட்க உங்களுக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்?

"வீட்டுக்காரர் கேட்பார், பிள்ளைங்க கேட்பாங்க" என்கிறீர்களா? சந்தோஷம். அவர்களைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள். வெளியாள் ஒருவராவது உண்டா?

விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, ஒரு விரல்கூட மடங்காமல் நிற்கிறவர்கள் நம்மில் பலர். நானும் அந்தக் கணக்கில்தான் இருந்தேன். இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என்னிடம் வைத்தியத்துக்கு வந்த ஒருவர். அவர் கதையைச் சொன்னால் உங்களுக்கு விஷயம் புரியும்.

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். திருவள்ளூரில் வைத்தியம் பார்க்கிறேன். அவருக்கு 51 வயது. தென்கோடி ஜில்லாக்காரர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூபர்வைசர். பெண்ணின் படிப்புக்காகக் குடும்பம் ஊரிலேயே இருக்கிறது. இவர் மட்டும் இங்கே ஒரு அபார்ட்மென்டில் வாடகைக்குக் குடியிருக்கிறார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் ராத்திரி என்று வேலை. சாப்பாடு மெஸ்ஸில், தூக்கம் கிடைத்த நேரத்தில். சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்?

பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்து மாதம் ஒரு முறை வருவார். நான் ஆவாரைக் குடிநீர் கொடுத்தேன். சர்க்கரை டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். நாலு வருஷம் இப்படியே போனது. ஒவ்வொரு தடவையும் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "தினம் நடங்க ஸார்." அவரும் தலையாட்டுவார். மூன்று நாள் நடப்பார். நாலாவது நாள் நைட் ஷிப்ட் வரும். அத்தோடு சரி!

போன வருஷம் ஒரு நாள் வந்தார். மூன்று மாத சராசரி சர்க்கரை 9.4-ல் இருந்தது 7.3-க்கு வந்திருந்தது. "என்ன ஸார் பண்ணீங்க?" என்றேன். "துடுப்பு போடறேன் டாக்டர்" என்றார்.

துடுப்பு என்றதும் எனக்குப் பழவேற்காடுதான் ஞாபகம் வந்தது. நம்ம ஜில்லாவில் துடுப்புக்கு வேறு அர்த்தம் ஏது? "லீவு நாளில் படகு ஓட்டப் போறீங்களா?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

வீட்டுக்குள்ளே ஒரு படகு

அவர் சொன்னது ரோயிங் மெஷின். நகரும் இருக்கையில் உட்கார்ந்து, காலை உந்தி, ஒரு கைப்பிடியை நெஞ்சுக்கு இழுக்கிற இயந்திரம். தண்ணீர் கிடையாது. எத்தனை மீட்டர் போயிருக்கிறோம் என்று முன்னால் இருக்கிற சின்னத் திரை காட்டும். அவர் அபார்ட்மென்டின் ஜிம்மில் யாரும் தொடாமல் ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்ததாம்.

துடுப்புப் போட்டி நமக்குப் புதுசு இல்லை. சென்னை அடையாற்றங்கரையில் இருக்கிற மெட்ராஸ் போட் கிளப் 1867-ல் ஆரம்பித்தது. ஆனால், தரையில் துடுப்பு போடுகிறவர்களுக்கென்று தனி உலகமே உருவானது கடந்த 45 வருஷங்களில்தான். 1980-ல் அமெரிக்கா மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அதே வருஷம் பாஸ்டனில் சுமார் இருபது வீரர்கள், குளிர்காலப் பயிற்சியின் அலுப்புத் தீர, இயந்திரத்தில் உட்கார்ந்து விளையாட்டாகப் போட்டி வைத்துக்கொண்டார்கள். அதுதான் பிற்பாடு பெரிய சர்வதேசப் போட்டியாக வளர்ந்தது. 1981-ல் டிக், பீட்டர் டிரைஸிகாக்கர் என்ற சகோதரர்கள் கான்செப்ட்-2 என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். இண்டர்நெட் வந்த பிறகு, ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு ஒரே குழுவாகக் கணக்கு எழுதுவது சகஜமாகிவிட்டது. கொரோனா காலத்தில், 2021 பிப்ரவரியில், உலக இன்டோர் ரோயிங் சாம்பியன்ஷிப்பே அவரவர் இடத்திலிருந்து ஆன்லைனில்தான் நடந்தது!

நம்ம ஆளின் குழு அவ்வளவு பெரிசு இல்லை. மொத்தம் ஏழு பேர். கூடப் படித்த ஒருத்தர் சேர்த்துவிட்டார். கோயமுத்தூரில் ஒருத்தர், துபாயில் ஒருத்தர், சிங்கப்பூரில் ஒரு தம்பதி, மதுரையில் பேங்க் வேலையிலிருந்து ரிடையர் ஆன ஒரு அம்மா, பெங்களூரில் ஒரு பையன். அவரவருக்கு முடிந்த நேரத்தில் துடுப்பு போட்டு, தூரத்தைப் பொதுக் கணக்கில் எழுத வேண்டும். மாதம் 250 கிலோமீட்டர். அதை அவர்கள் ஒரு பயணமாகவே வைத்துக்கொண்டார்கள். கும்மிடிப்பூண்டியில் புறப்பட்டுக் கன்னியாகுமரி வரைக்கும், சுமார் 750 கிலோமீட்டர். "இந்த மாசம் விழுப்புரம் தாண்டிட்டோம் டாக்டர்" என்று அவர் சொன்னபோது முகத்தைப் பார்க்கணுமே, நிஜமாகவே பஸ் ஜன்னலில் விழுப்புரத்தைப் பார்த்தவர் மாதிரி!

பதினோரு நாள் மௌனம்

சர்க்கரை குறைந்ததுக்குக் காரணம் உடற்பயிற்சி. இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், அடுத்த விஷயத்தை அவர் சொல்கிற வரைக்கும்.

நடுவில் அவருடைய அம்மா காலமாகிவிட்டார். ஊருக்குப் போய்க் காரியங்கள் எல்லாம் முடித்துத் திரும்பினார். பதினாறு நாளும் வீடு நிறைய ஜனம். அதற்குப் பிறகு? அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். இவர் கும்மிடிப்பூண்டியில் பூட்டிய வீட்டைத் திறந்து, லைட்டைக்கூடப் போடாமல் படுத்துவிட்டார். வேலைக்குப் போவார், வருவார், படுப்பார். மாத்திரை பாதி நாள் விட்டுப் போனது. மெஸ்ஸுக்குப் போகப் பிடிக்காமல் டீயும் பன்னுமாக ஓட்டினார். தினமும் போன் பண்ணுகிற மனைவியிடம் "நல்லாத்தான் இருக்கேன்" என்றே சொன்னார். ஆம்பளைகள் வேறென்ன சொல்வார்கள்?

குழுவின் கணக்கில் பதினோரு நாள் அவர் பெயருக்கு நேராகப் பூஜ்யம். துக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று முதலில் எல்லோரும் பேசாமல்தான் இருந்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் நாள் மதுரை அம்மாவிடமிருந்து போன். அவர் கேட்ட முதல் கேள்வி "ஏன் தம்பி ரோயிங் வரலை?" இல்லை. "தம்பி, ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

இவரால் பதில் சொல்ல முடியவில்லை. போனிலேயே அழுதுவிட்டார். அம்மா போன பிறகு அன்றைக்குத்தான் முதல் முறையாக அழுதாராம். அந்த அம்மா உபதேசம் எதுவும் பண்ணவில்லை. அழுது முடிகிற வரைக்கும் லைனில் இருந்தார். பிறகு, "நாளைக்கும் இதே நேரத்துக்குக் கூப்பிடுவேன், சாப்பிட்டுட்டுச் சொல்லணும்" என்றார்.

ரெண்டு நாள் கழித்து துபாய்க்காரர் கூப்பிட்டார். "அண்ணே, ஐந்நூறு மீட்டர் போதும். நீங்க பேச வேண்டாம். நான் வீடியோவில் இருக்கேன். ரெண்டு பேரும் சேர்ந்து இழுப்போம்" என்றார். ஐந்நூறு மீட்டர் என்பது மெள்ளப் போனால் மூன்று நிமிஷ வேலை. அந்த மூன்று நிமிஷம்தான் அவரை மறுபடி மனுஷனாக்கியது என்று என்னிடம் சொன்னார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் தெரியுமா? சித்த மருத்துவத்தில் நோயைக் கணிக்க எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் 'மொழி' என்பது நோயாளியின் குரலைக் கவனிப்பது. நாலு வருஷம் அந்த மனிதரின் குரலைக் கேட்டிருக்கிறேன். "நடங்க, நடங்க" என்று சொன்னேனே தவிர, "யாரோட நடக்கறீங்க? யாரோட சாப்பிடறீங்க?" என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை!

கூட ஒரு ஆள் இருந்தால் என்ன ஆகும்?

இது வெறும் மன ஆறுதல் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். உடம்பிலேயே வித்தியாசம் தெரிகிறது.

1920-களில் ஜெர்மனியில் ஓட்டோ கோலர் என்ற உளவியல் அறிஞர், பெர்லின் துடுப்பு கிளப் வீரர்களைப் பாரம் தூக்கவைத்துச் சோதித்தார். முதலில் தனியாக, பிறகு ஜோடியாக. ஒருத்தர் கை தளர்ந்தால் மற்றவராலும் தாங்க முடியாது என்கிற ஏற்பாடு. ஜோடியில் பலம் குறைந்தவர், தனியாக இருந்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். 'என்னால இவருக்குக் கஷ்டம் வரக் கூடாது' என்ற எண்ணம்தான் அங்கே வேலை செய்கிறது. இரண்டு பேரின் பலத்துக்கும் நடுவே வித்தியாசம் ரொம்ப அதிகமாகவும் இல்லாமல், ரொம்பக் குறைவாகவும் இல்லாமல் இருந்தபோதுதான் பலன் கூடுதல்.

2009-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் 12 துடுப்பு வீரர்களை இதே ரோயிங் மெஷினில் 45 நிமிஷம் உட்காரவைத்தார்கள். ஒரு தடவை தனியாக, ஒரு தடவை கும்பலாக ஒரே தாளத்தில். முடிந்ததும் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கையில் இறுக்கி, எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். உழைப்பு ஒரே அளவுதான். ஆனால் சேர்ந்து போட்டபோது வலி தாங்கும் சக்தி அதிகமாகக் கூடியது. உடம்பிலேயே ஊறுகிற எண்டார்பின்தான் காரணமாக இருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. பன்னிரண்டே பேரை வைத்துச் செய்தது, சின்ன ஆராய்ச்சிதான். ஆனாலும் படகில் போகிறவர்கள் ஏலேலோ பாடிக்கொண்டு ஏன் போனார்கள் என்பது இப்போது புரிகிறதா?

"அவங்க ஒரே ரூம்ல இருந்தாங்க. போன்ல இருக்கற ஆளால என்ன ஆகும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதையும் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்த்துவிட்டார்கள். 2012-ல் வெளிவந்த ஆராய்ச்சி அது. உடற்பயிற்சி சைக்கிள் மிதித்த பெண்களில் சிலருக்குத் திரையில் ஒரு துணையைக் காட்டினார்கள். "உன்னைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரி, நீங்க ரெண்டு பேரும் ஒரே டீம்" என்றும் சொன்னார்கள். தனியாக மிதித்தவர்களைவிட அவர்கள் சுமார் இரண்டு மடங்கு நேரம் மிதித்தார்கள்.

இன்னும் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. 148 ஆராய்ச்சிகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2010-ல் வெளியிட்டார்கள். மனிதத் தொடர்பு பலமாக உள்ளவர்கள் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவிகிதம் அதிகம்! உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

சித்த மருத்துவத்தில் நோய்கள் 4448 என்பது மரபு. தனிமை என்ற பெயரில் ஒரு நோயை நான் அதில் படித்ததில்லை. ஆனால் எங்கள் ஊர் வைத்திய வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தின் பெயர் 'ஹிருத்தாபநாசினி'. நெஞ்சின் தாபத்தைப் போக்குவது என்று அர்த்தம். நெஞ்சுக்கும் ஒரு வைத்தியம் வேண்டும் என்று முன்னோர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது, இல்லீங்களா?

முகம் தெரியாத சிநேகம் நிலைக்குமா?

அவருடைய மனைவியே முதலில் சண்டை போட்டாராம். "பக்கத்து வீட்டுக்காரர் பேரு தெரியாது, துபாய்க்காரரோட என்ன பேச்சு?" என்று. பல வீடுகளில் இதே வாதம் நடக்கிறது. என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயிலில் தினம் போகிறவர்களைப் பாருங்கள். பொன்னேரியில் ஏறுகிறவருக்கு கவரைப்பேட்டையில் ஏறுகிறவர் சீட் போட்டு வைப்பார். ஒருத்தர் வீட்டை இன்னொருத்தர் பார்த்திருக்க மாட்டார். ஆனால் ரெண்டு நாள் வரவில்லை என்றால் பெட்டியே விசாரிக்கும். ஆயுத பூஜைக்கு எல்லோரும் சேர்ந்து ரயில் பெட்டிக்கு மாலை போட்டுப் பொரி கொடுப்பார்கள். அது பொய்யான சிநேகமா? ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே கஷ்டம். அதில் பிறக்கிற சிநேகம் அது. துடுப்புக் குழுவும் அப்படித்தான். ரயில் பெட்டி கொஞ்சம் நீளமாகி துபாய் வரைக்கும் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அதற்காகப் பக்கத்து வீட்டை மறந்துவிடச் சொல்லவில்லை. ஜுரம் வந்தால் கஞ்சி கொண்டுவர துபாய்க்காரரால் முடியாது. தூரத்துச் சிநேகம் விசாரிக்கும், பக்கத்துச் சிநேகம் கதவைத் தட்டும். ரெண்டும் வேண்டும். சிப்காட் பக்கம் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒரே அறையில் அஞ்சாறு பேராகத் தங்கியிருக்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஊரில் இருப்பவர்களிடம் தினமும் போனில் பேசுகிறார்கள். அவர்களிடம் "சாப்டியாப்பா?" என்று கேட்க எதிர்வீட்டுக்காரர்களான நமக்கு ஹிந்தி தெரிய வேண்டிய அவசியமில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், மெஷின் வாங்க ஓடாதீர்கள்! போட்டிகளில் பயன்படுகிற ரோயிங் மெஷின் ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல். மெஷின் மட்டும் வாங்கினால் கொஞ்ச நாளில் அது துணி காயப்போடும் ஸ்டாண்டாகிவிடும். குழு முதலில், கருவி பிறகு. நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், யோகா செய்யலாம். 2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளம் காட்டியது. அதில் நாலு பேரோடு நடந்தாலும் இதே பலன்தான்.

குழு சின்னதாக இருக்கட்டும். ஐந்து முதல் எட்டுப் பேர். ஐம்பது பேர் இருந்தால் 'வேற யாராவது விசாரிப்பாங்க' என்று எல்லோரும் சும்மா இருந்துவிடுவார்கள்.

ஒவ்வொருவருடைய வீட்டில் இருப்பவரின் நம்பரும் இன்னொருவரிடம் இருக்க வேண்டும். மூன்று நாள் தகவல் இல்லை என்றால் ஒருத்தர் கூப்பிட வேண்டும். மெஸேஜ் போதாது, குரல் வேண்டும். முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றியோ தூக்கத்தைப் பற்றியோ இருக்கட்டும். மீட்டர் கணக்கு கடைசியில்.

28 வயசுப் பையனோடு போட்டி போடாதீர்கள். ரோயிங் மெஷினில் பெரும்பாலான வேலை காலுக்குத்தான். முதுகை வளைத்து இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் பத்து நிமிஷம், பேச்சு மூச்சு வாங்காத வேகம் போதும். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். இதய நோய், முதுகுத் தேய்மானம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறவே வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பக்கத்தில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, ஒரு சித்த வைத்தியனாக இதைச் சொல்லியே ஆக வேண்டும். குழுவில் வருகிற கஷாயக் குறிப்பைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். சிநேகிதர் சிநேகிதர்தான், வைத்தியர் ஆக மாட்டார். பணம் கேட்டாலும் வீட்டில் கலந்து பேசாமல் அனுப்ப வேண்டாம்.

போன மாதம் அவர் மறுபடி வந்தார். சர்க்கரை 7-ஐ ஒட்டி நிற்கிறது. வந்ததும் வராததுமாக போனை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போனார். பெங்களூர்ப் பையனுக்கு வேலை போய்விட்டதாம். நாலு நாளாகக் கணக்கில் பூஜ்யமாம். "தம்பி, சாப்பிட்டியாப்பா?" என்று இவர் கேட்டது எனக்கு உள்ளே கேட்டது. நாடி பார்க்க இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். இருக்கட்டும் என்று அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நானும் காத்திருந்தேன்.

இப்போதெல்லாம் என்னிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் எண்வகைத் தேர்வோடு ஒன்பதாவதாக ஒரு கேள்வி கேட்கிறேன்: "உங்களை யார் விசாரிக்கிறாங்க?" பதில் சொல்லச் சிலர் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நீங்களும் யோசியுங்கள். உங்களோடு நடந்து, பேசி, ஒரு மாதமாகக் காணாமல் போனவர் யாராவது இருப்பார். இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு ஒரு போன் போடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.